டயட் எனக்கு, அடுப்பு எல்லாருக்கும்: வீட்டுச் சாப்பாட்டுலயே எடை குறைச்ச கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

நம்ம ஷோ கேக்குறவங்க என்னை நேர்ல பார்த்தா கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, டயட் இருக்கலாம்னு பாக்குறேன். ஆனா வீட்டுல சமைக்கிறது அம்மா. அவங்க வைக்கிறது சோறு, குழம்பு, பொரியல். நான் என்ன பண்ண?" இதே கேள்வியோடதான் நானும் ஏழு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு பெரிய தப்பு பண்ணினேன். அதையும் சேர்த்தே இன்னிக்குச் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நான் டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. சாஃப்ட்வேர் இன்ஜினியர். அளந்து பார்த்து, கணக்குப் போட்டு, எங்க தப்பு நடக்குதுன்னு தேடுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதைச் சமையல்கட்டுல பண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் என்ன சொல்லுச்சு?

ஆபீஸ்ல வருஷா வருஷம் நடக்குற ஹெல்த் செக்கப். உயரம் 172 செ.மீ., எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. பி.எம்.ஐ. போட்டா 27.4. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினா உடல்பருமன். ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள்ள இருக்கணும். இதெல்லாம் "ஜிம் போனா சரியாயிடும்"னு தள்ளிவிட்டிருப்பேன். ஆனா ஹெச்பிஏ1சி 6.0-ன்னு இருந்துச்சு.

இந்த டெஸ்ட், கடந்த ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை சராசரியா எப்படி இருந்துச்சுன்னு காட்டும். 5.7-க்குக் கீழ இருந்தா இயல்பு. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீடயபடிஸ். 6.5-ல இருந்து சர்க்கரை நோய். எனக்கு 28 வயசு. அப்பாவுக்கு 11 வருஷமா சுகர் இருக்கு. அவர் காலையில வெறும் வயித்துல விரல்ல குத்தி மெஷின்ல பாக்குறதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மெஷின் அடுத்து என் டேபிளுக்கு வரப்போகுதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுச்சு.

நான் தனி ஆளும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்தின இந்தியாப் ஆய்வோட முடிவு 2023-ல வந்துச்சு. இந்தியாவுல சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு ப்ரீடயபடிஸ். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

என் தப்பு

ரிப்போர்ட் வந்த ராத்திரியே யூடியூப்ல உக்காந்தேன். மறுநாள்ல இருந்து வீட்டுல சட்டம்: ராத்திரி சோறு கிடையாது, தோசை கிடையாது, காய்கறி சூப் மட்டும்தான். எனக்கு மட்டும் தனியா சமைக்கிறது அம்மாவுக்குக் கஷ்டமாச்சே, அதனால எல்லாருக்கும் சூப். அப்பாவுக்கும்தான் சுகர் இருக்கு, அவருக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன்.

ரெண்டாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா என் கதவைத் தட்டினாங்க. அப்பா உடம்பு முழுக்க வேர்வை, கை நடுங்குது, பேச்சு கொஞ்சம் குழறுது. மெஷின்ல பார்த்தா 56. எழுபதுக்குக் கீழ போனாலே லோ சுகர். நல்லவேளை, அவரால முழுங்க முடிஞ்சுச்சு. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்தோம். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்த்தா 84. அப்புறம் கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட வெச்சோம். நான் அன்னிக்கு விடியுற வரைக்கும் தூங்கலை.

நடந்தது இதுதான். அப்பா எடுக்குற மாத்திரையில க்ளிமிபிரைடு ஒண்ணு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அவர் ராத்திரி மூணு தோசை சாப்பிடுவாருங்கிற கணக்குல டாக்டர் எழுதின அளவு அது. நான் தோசையை எடுத்துட்டேன், மாத்திரை அப்படியே இருந்துச்சு. இன்சுலின் வேலை செய்யுது, உள்ளே சர்க்கரை வரலை. மறுநாள் டாக்டர் மாத்திரை அளவை மாத்தி எழுதிட்டு, "சாப்பாட்டைக் குறைக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, சேர்த்துக் குறைக்கலாம்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரா லைவ்ல போடுறவனைப் பார்த்தா நமக்கு எவ்வளவு கோபம் வரும்? வீட்டுல நான் அதைத்தான் பண்ணியிருக்கேன். அதனால இந்த எபிசோடுல நீங்க வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. வீட்டுல யாராவது சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தா, டாக்டர்கிட்ட கேக்காம அவங்க சோத்துல கை வைக்காதீங்க.

முதல்ல அளந்து பார்த்தேன்

அதுக்கப்புறம் சூப் சட்டம் வாபஸ். ரெண்டு வாரம் எதையுமே மாத்தலை. ஒரு கிச்சன் தராசு வாங்கி, வழக்கமா சாப்பிடுறதையே எடை போட்டு எழுதினேன். மூணு விஷயம் தெரிஞ்சுச்சு.

ஒண்ணு, எண்ணெய். எங்க வீட்டுல மூணு பேர். மாசம் நாலு லிட்டர் எண்ணெய் வாங்குறோம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். நாலு லிட்டர்னா 3,640 கிராம். முப்பது நாள், மூணு பேர்னு வகுத்தா, ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 40 கிராம். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில, 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்னு இருக்கு. நாங்க 13 கிராம் கூட. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிங்கிறதால, தினமும் 117 கலோரி கண்ணுக்கே தெரியாம உள்ளே போகுது. ஹோட்டல்ல சாப்பிடுறது இந்தக் கணக்குல வரவே இல்லை.

ரெண்டு, சோறு. மதியம் நான் "கொஞ்சமாத்தான்" சாப்பிடுறேன்னு நெனச்ச சோறு 380 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி பக்கம் வரும். அப்போ சோறு மட்டும் கிட்டத்தட்ட 490 கலோரி.

மூணாவதுதான் எனக்கு ஆச்சரியம். புரோட்டீன். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை உடல் எடையில ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். என் எடைக்கு 60 கிராமுக்கு மேல வரணும். இட்லி, சாம்பார், சோறு, பொரியல், தயிர், ராத்திரி தோசைன்னு ஒரு முழு நாளைக் கூட்டினா 45-ஐத் தாண்டலை. "சாம்பார்ல பருப்பு இருக்கே"ன்னு தோணும். மூணு பேருக்கான சாம்பார்ல அம்மா போடுறது 75 கிராம் துவரம்பருப்பு. அதுல மொத்தம் 16 கிராம் புரோட்டீன். ஒரு தட்டுக்கு அஞ்சு கிராம்தான் வருது.

ஆக, என் பசி அடங்காததுக்கு மனக்கட்டுப்பாடு காரணமில்லை. புரோட்டீனும் நார்ச்சத்தும் இருந்தா ரொம்ப நேரம் பசி தாங்கும். என் தட்டுல அது ரெண்டும் கம்மி. அதனாலதான் மதியம் தட்டு நிறையச் சாப்பிட்டும் நாலு மணிக்கு பஃப்ஸ் தேடினேன்.

சிறுதானியத்துக்கு மாறினா போதுமா?

இங்க எல்லாரும் ஒரு குறுக்குவழி சொல்வாங்க: "அரிசியை நிறுத்து, தினைக்கு மாறு." நானும் வாங்கினேன். சிறுதானியத்துல நார்ச்சத்தும் தாதுச்சத்தும் இருக்கு, அது உண்மை. ஆனா வேகாத எடையில பார்த்தா கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவுதான். கேழ்வரகை மாவா அரைச்சுக் கூழா குடிச்சா, சீக்கிரம் செரிச்சு சர்க்கரையையும் வேகமாவே ஏத்தும்.

அதே இந்தியாப் ஆய்வுல இருந்து 2025-ல உணவு பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. இந்தியர்களோட மொத்தக் கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதாம். வெள்ளை அரிசிக்குப் பதிலா கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு மாத்தினா மட்டும் ஆபத்து குறையலை. மொத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு, அந்த இடத்துல பருப்பு, பால் மாதிரியான புரோட்டீனை வெச்சாத்தான் ஆபத்து குறையுதுன்னு அதுல சொல்லியிருக்காங்க. ஆக, எந்த அரிசிங்கிறதைவிட எவ்வளவு அரிசிங்கிறதுதான் முக்கியம். பொன்னி அரிசியே இருந்துட்டுப் போகட்டும்.

சமையல்ல என்ன மாத்தினோம்?

எண்ணெய்ல இருந்து ஆரம்பிச்சோம். மூணு பேருக்கு ஒரு நாளைக்கு 81 கிராம், அதாவது சுமார் 90 மில்லி. காலையில ஒரு சின்ன பாட்டில்ல 90 மில்லி ஊத்தி அடுப்புக்குப் பக்கத்துல வெச்சிடுவேன். அன்னிக்கு முழுக்க அதுக்குள்ளதான் சமையல். நெய் ஊத்தினா அந்த அளவு எண்ணெயைக் குறைச்சுக்கணும். முதல் நாள் மதியத்துக்கே பாட்டில் காலி. அம்மா சிரிச்சுக்கிட்டே, "ராத்திரிக்கு உன் கம்ப்யூட்டர்ல தாளிச்சுக்கோ"ன்னாங்க. ஒரு வாரத்துல அவங்களே என்னைவிட நல்ல வழியெல்லாம் கண்டுபிடிச்சுட்டாங்க.

பொரியலுக்கு எண்ணெயில வதக்குறதுக்குப் பதிலா, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி போட்டு வேக வெச்சு, கடைசியில ஒரு டீஸ்பூன் எண்ணெயில தாளிச்சுக் கொட்டுறோம். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை வாசனை எல்லாம் எண்ணெயிலதான் இறங்கும். அதைக் கடைசியா சேர்த்தா, கம்மி எண்ணெயிலயே அந்த வாசனை மேலாப்புல நிக்கும். அப்பளத்தைப் பொரிக்காம தணல்ல சுடுறோம். தோசைக்கல்லுல ஸ்பூனால ஊத்தாம, பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேய்க்கிறோம். வத்தக்குழம்புக்கு மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் பிரிஞ்சு வராத வத்தக்குழம்பை எங்க வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டோம். அது வாரத்துல ஒரு நாள், அன்னிக்கு மத்தது எல்லாம் ஆவியில வெந்தது.

அடுத்து தட்டு. தட்டுல பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் மாதிரி புரோட்டீன். சோறு 380-ல இருந்து 200 கிராம் ஆச்சு. அதுலயே 230 கலோரி மிச்சம். காயையும் புரோட்டீனையும் முதல்ல சாப்பிட்டுட்டு, சோத்தைக் கடைசியில சாப்பிடுறேன். அப்படிச் சாப்பிட்டா சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுறது கம்மியாகுது. சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் மொட்டை மாடியில நடை.

புரோட்டீனுக்குப் பவுடர் டப்பா வாங்கலை. பூசணிக்காய், சுரைக்காய், கோஸ் எதுவா இருந்தாலும் பாசிப்பருப்பைத் தாராளமா போட்டுக் கெட்டியா கூட்டு. காலையில நாலு இட்லி ரெண்டாச்சு, கூட ரெண்டு அவிச்ச முட்டை. அதுலயே 12 கிராம் வந்துடும். நாலு மணி பஃப்ஸுக்குப் பதிலா கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டல், ஒரு சின்ன கப். வாரம் ரெண்டு நாள் மத்தியோ சங்கராவோ குழம்பு. மீன் சாப்பிடாதவங்களுக்கு மீல்மேக்கர் இருக்கு. காய்ஞ்ச எடையில 100 கிராமுக்கு 50 கிராம் பக்கம் புரோட்டீன் அதுல. ராத்திரி மூணு தோசைக்குப் பதிலா ரெண்டு அடை. தோசை மாவுல நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுறோம். அடைக்கு ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டு பங்கு பருப்பு. நம்ம பாட்டிங்க இதுக்குப் பேரு எதுவும் வெக்காம சுட்டுப் போட்டிருக்காங்க. இப்போ என் கணக்கு ஒரு நாளைக்கு 65 கிராம் பக்கம் வருது.

காயை யார் நறுக்குறது?

இது யாரும் பேசாத விஷயம். அந்த வழிகாட்டியில கீரையும் சேர்த்து ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறின்னு இருக்கு. மூணு பேருக்கு 1.2 கிலோ. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பொரியல் கால் கிலோ பீன்ஸ், அதுதான் மூணு பேருக்கும். ஒரே நாள்ல அம்மா வேலை பல மடங்காகுது. கீரை ஆயணும், கொத்தவரங்காய்க்கு நார் எடுக்கணும், சுண்டலுக்கு ஊற வைக்கணும். "அம்மா, இனிமே ஹெல்தியா சமைம்மா"ன்னு சொல்லிட்டு நான் லேப்டாப்பைத் திறந்துட்டா, என் டயட்டோட பாரம் மொத்தமும் அவங்க தோள்லதான்.

அதனால காய் என் பொறுப்பு. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பாட்காஸ்டை ஓடவிட்டு, மறுநாளுக்கான காயை நறுக்கி டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுவேன். நாற்பது நிமிஷம் ஆகும். ஞாயித்துக்கிழமை கடலை, பயறு எல்லாம் மொத்தமா ஊற வெச்சு, வேக வெச்சு, பிரிச்சு ஃப்ரீசர்ல.

சமையல்கட்டுல நிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் இன்னொண்ணு கவனிச்சேன். நான் எடை போட்டது என் தட்டையும் அப்பா தட்டையும் மட்டும்தான். அம்மா எங்களுக்கு அப்புறம்தான் சாப்பிடுவாங்க. ஒரு நாள் அவங்க தட்டை வாங்கித் தராசுல வெச்சேன். மீந்த சோறு முழுக்க அவங்க தட்டுல. குழம்புல அடி வண்டல், காய் ரெண்டு கரண்டி. நான் "டயட்"ல மிச்சம் வெச்ச சோத்தையும் வீணாகக் கூடாதுன்னு சேர்த்துச் சாப்பிட்டிருக்காங்க. முட்டை? "அது உனக்கும் அப்பாவுக்கும்தானேடா வாங்கினே"ன்னாங்க.

அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். ஹெச்பிஏ1சி 6.2. என்னைவிட அதிகம். வீட்டுல ரெண்டு பேர் சர்க்கரை பத்தி இவ்வளவு பேசியும், அவங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு யாருக்கும் தோணலை.

இப்போ ரெண்டு மாத்தம். அரிசி அளந்து போடுறோம், அதனால மீந்து போறது இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூணு பேரும் ஒண்ணா உக்காருறோம், மூணு தட்டும் ஒரே நேரத்துல பரிமாறுறோம். முதல் ரெண்டு வாரம் அம்மாவுக்கு அது கூச்சமாவே இருந்துச்சு. பாதியில எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போவாங்க. இப்போ உக்காருறாங்க.

ஏழு மாசம் கழிச்சு

எண்ணைச் சொல்லிடுறேன், இல்லைன்னா விடமாட்டீங்க. எடை 81-ல இருந்து 75. இடுப்பு 98-ல இருந்து 91. ஹெச்பிஏ1சி 5.6. பி.எம்.ஐ. இன்னும் 25-க்கு மேலதான், வேலை பாக்கி இருக்கு. நடுவுல ஒரு கல்யாண சீசன்ல ஒன்றரை கிலோ ஏறுச்சு, அப்புறம் இறங்குச்சு. கல்யாண வீட்டுல ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சேன், அதுக்கு வருத்தமும் இல்லை. அப்பா புது மாத்திரை அளவுல இருக்கார், அன்னிக்கு மாதிரி லோ சுகர் மறுபடி வரலை. அம்மாவோட அடுத்த டெஸ்ட் அடுத்த மாசம். அது என்னோடதைவிட எனக்கு முக்கியமான ரிப்போர்ட்.

நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா, நாளைக்கே எதையும் நிறுத்தாதீங்க. மூணே மூணு வேலை. வீட்டுல மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை பேர்னு வகுத்துப் பாருங்க. நீங்க வழக்கமா சாப்பிடுற சோத்தை ஒரே ஒரு நாள் எடை போடுங்க. அப்புறம், உங்க வீட்டுல கடைசியா சாப்பிடுறவங்க தட்டுல என்ன இருக்குன்னு ஒரு நாள் எட்டிப் பாருங்க. அந்த மூணும் கையில வந்தா, எங்க ஆரம்பிக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோடுல ஓ.எம்.ஆர். ஆபீஸ் கேன்டீன்ல நின்னுக்கிட்டு தட்டுல எதை எடுக்குறது, எதை விடுறதுன்னு பேசலாம். இப்போ மணி ஒன்பதே கால் ஆச்சு. எனக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய வேண்டியது இருக்கு. வரட்டுமா மக்களே!